அண்ணனின் குரலும் மதினி போட்ட வெந்நீரும்

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பேரருவிக்கு வந்தவர்கள் என் அண்ணன் நல்லதம்பியின் குரலைக் கேட்டிருப்பார்கள். ஆளைப் பார்த்திருக்க மாட்டார்கள். அருவிக்கு எதிரே, கடைகள் தொடங்கும் இடத்தில், தகரக் கூரை போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு பெஞ்சு. பெஞ்சில் எப்போதும் ஏதாவது ஒரு குழந்தை ஈரத் துணியோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும். கூட்டத்தில் அப்பா அம்மா கையை விட்டுவிட்ட குழந்தை. ஒலிபெருக்கியில் சொல்லி அதற்கு உரியவர்களை வரவழைப்பதுதான் அண்ணனின் வேலை.

மற்றவர்கள் சொல்வதுபோல அண்ணன் சொல்ல மாட்டார். குழந்தையைக் காணவில்லை என்ற பேச்சே அவர் வாயிலிருந்து வராது.

"சங்கரன்கோவிலிலிருந்து வந்த கோமதிநாயகம் என்ற அப்பா காணாமல் போய்விட்டார். பெரிய மீசை, கோடு போட்ட சட்டை என்று அவருடைய மகள் ஆவுடை அடையாளம் சொல்லுகிறாள். அப்பா எங்கே இருந்தாலும் பயப்படாமல் மைக் இருக்கும் இடத்துக்கு வந்துவிடவும். மகள் பத்திரமாக இருக்கிறாள்."

அருவியின் இரைச்சலையும் தாண்டி அந்தக் குரல் கேட்கும். குளித்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். பெஞ்சில் இருக்கும் குழந்தை, தொலைந்தது தான் இல்லை, அப்பாதான் என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, பெரிய மனுஷி மாதிரி அப்பாவுக்காகக் காத்திருக்கும். அதற்காகத்தான் அண்ணன் அப்படிச் சொல்லுவார்.

எங்களுக்கு இலஞ்சி. அப்பா இறந்தபோது நான் ஏழாம் வகுப்பு. அண்ணன் தென்காசியில் சுந்தரபாண்டி அண்ணாச்சியின் மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பீடி சுற்ற உட்கார்ந்தேன். அந்த வேலை கைக்குப் பழகிவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு வீட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அதிகம் பேச வராது. அதனால் என் முன்னால் யாரும் எதையும் மறைக்க மாட்டார்கள்.

கல்யாணம், கோவில் கொடை என்று வருஷம் முழுக்க அண்ணாச்சிக்கு மைக்செட் வேலை இருக்கும். குற்றாலத்தில் சீசன் காண்டிராக்டும் அவருடையதுதான். 1970-லிருந்து அந்தத் தகர அறை அண்ணனுக்கு என்று ஆகிவிட்டது.

அண்ணனின் மனைவி வடிவம்மாள். என் மதினி. சுரண்டையிலிருந்து வந்தவர். மதினி வீட்டுக்குள் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்லுவார்கள். "நல்லதம்பிக்குத்தான் மைக்கு வேணும். வடிவுக்கு எதுக்கு?" என்று தெருவில் கேலி உண்டு. மதினிக்கும் அதில் பெருமைதான்.

1977 சீசன் முடிந்த நேரத்தில் அண்ணனின் வலது கண் இமை லேசாகத் தொங்க ஆரம்பித்தது. காலையில் சரியாக இருக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் பாதிக் கண்ணை மூடிவிடும். மதினி அதைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரப் பாத்து இப்படி ஒத்தக் கண்ண மூடுதிய? பக்கத்து வீட்டுப் பருவதம் அக்கா வெளியதான் நிக்கா. ஏதும் சொல்லணும்னா வாயத் தொறந்து சொல்லுங்க."

"ஒனக்கு எப்பவும் கேலிதான். வாரது ஒரு பஸ்ஸு, எனக்கு ரெண்டாத் தெரியுது."

"அப்போ ரெண்டுல எது நெசம்னு பாத்து ஏறுங்க. பொய்யில ஏறிராதிய."

அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு அண்ணன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழ ஆரம்பித்தார். பசி இல்லாமல் இல்லை. மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துவிடும். கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மெல்லுவார். பங்குனி, சித்திரை வெயிலில் குரலும் போக ஆரம்பித்தது. கொடையில் மைக்கைப் பிடித்தால் முதல் நாலு வரி கணீரென்று வரும். அதற்குப் பிறகு சத்தம் மூக்குக்கு ஏறும். கடைசி வார்த்தைகள் ஒன்றோடொன்று குழைந்து, என்ன சொன்னார் என்றே விளங்காது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் குரல் திரும்ப வரும், மறுபடி போகும்.

கண் சொருகி, நாக்குக் குழறி, சாயங்காலம் தள்ளாடி வீட்டுக்கு வருகிறவரை ஊர் என்ன நினைக்கும்? அப்போது மதுவிலக்கு இருந்த காலம். குடித்தவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். என் அண்ணன் வெற்றிலைகூடப் போடாதவர். அதைச் சொன்னால் சிரித்தார்கள்.

அந்த வருஷம் ஆனியில் சாரல் நன்றாக விழுந்தது. காலையில் அருவியில் குளித்துவிட்டுத்தான் அண்ணன் மைக்கைத் தொடுவார். சாரல் அடித்துக்கொண்டே இருக்கும் நாளில் தகர அறை சில்லென்று இருக்கும், குரலும் நிற்கும். எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அதுதான் குணப்படுத்துகிறது என்று மதினி அடித்துச் சொன்னார். அருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை செய்கிற பிச்சைமணி, அண்ணனின் சிநேகிதர். அவரும் அதையே சொன்னார்.

ஆடியில் ஒரு வாரம் சாரல் நின்றுவிட்டது. வெயில் தகரத்தைக் காய்ச்சியது. சாப்பாடு கொண்டுபோன நான் அன்று அறையின் மூலையில் நின்றிருந்தேன். பெஞ்சில் மொட்டை போட்ட சின்னப் பையன் ஒருவன். அண்ணன் மைக்கைப் பிடித்தார். ஊர்ப் பேர் வந்தது. அப்பாவின் பேர் மூக்கில் கரைந்தது. திரும்பவும் சொன்னார், இன்னும் குழறியது. வெளியே சிரிப்புக் கேட்டது.

"மைக்குக்கார அண்ணாச்சி மத்தியானமே ஏத்திட்டாரு போல."

சிரிப்பைக் கேட்டு ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்தார்.

"எந்திரியும்வே. ஊதும்."

அண்ணன் ஊதினார். போலீஸ்காரர் மோந்து பார்த்தார். மறுபடி ஊதச் சொன்னார்.

"வாடையே இல்லாத சரக்கு எங்கனவே கிடைக்கு? எங்களுக்கும் சொல்லும்."

எதிரே நிற்பவரின் முகம் தெரியாததால் அண்ணன் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். அது வீட்டில் எங்களுக்குப் பழகிய காட்சி. போலீஸ்காரர் தன்னைக் கேலி செய்வதாக நினைத்து அண்ணனின் சட்டையைப் பிடித்தார். அந்த நேரத்தில் அண்ணாச்சி வந்து சேர்ந்திராவிட்டால் ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பார்கள். அண்ணாச்சி சமாதானம் பேசி அனுப்பிவிட்டு, மேசையிலிருந்து மைக்கை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"லே நல்லதம்பி, நீ குடிச்சியா, குடிக்கலையா, நான் கேக்கல. வெளிய அந்தப் பிள்ளைய பெத்தவ தலையில அடிச்சுட்டு அழுதா. நீ பேசுதது அவளுக்கு விளங்கல. ஒன்ன நம்பி இங்கன எப்படி விட? வீட்டுக்குப் போலே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் வெளியே நடந்தார். பஸ்ஸில் வரும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். அதுவும் குழறித்தான் வந்தது. "அந்தப் பயல அவன் அம்மைகிட்ட சேத்துட்டாவளான்னு தெரியலையே."

மதினி இலஞ்சி முருகன் மேல் சத்தியம் கேட்டார். அண்ணன் செய்தார். மதினி நம்பினார். நம்பியதால்தான் எப்படியாவது குணப்படுத்திவிட வேண்டும் என்று இறங்கினார். அருவியில் குளித்த நாளெல்லாம் நன்றாக இருந்தது, ஆகவே அருவி வீட்டுக்கு வர வேண்டும். பிச்சைமணி அண்ணன் தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் கழுவிய டின்னில் அருவித் தண்ணீர் பிடித்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு இலஞ்சிக்கு வந்து இறக்கிவிட்டுப் போவார். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவார். இப்போது நினைத்தாலும் அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்ற மதினிக்கு மனம் வரவில்லை. நோய்ப்பட்ட உடம்பு. அண்டாவில் ஊற்றி, நொச்சி இலை போட்டு, ஆவி பறக்கக் காய்ச்சினார். தோள் சிவக்கும் சூட்டில் அண்ணனுக்கு ஊற்றிவிட்டார். குளித்து வந்த அண்ணனுக்குத் தலை நிற்கவில்லை. இரண்டு இமையும் மூடிக்கொண்டன. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வந்தது. சூடு போதவில்லை என்று மதினி மறுநாள் இன்னும் சூடாக்கினார்.

விஷயம் சுரண்டைக்குப் போய், மதினியின் அப்பா வந்தார். மருமகனின் முகத்தைப் பார்த்தார். மகளிடம் சொன்னார்:

"துணிய எடு. குடிகாரனுக்கு வெந்நி போட்டே நீ சாகணும்னு எழுதல."

"இவுக குடிக்கல அப்பா."

"கண்ணத் தொறந்து ஒன் அப்பனைப் பாக்கச் சொல்லு. நான் திரும்பிப் போயிருதேன்."

அண்ணனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. மதினி அழுதுகொண்டே போனார். போகும்போதும் என்னிடம், "ஏட்டி குழலு, வெந்நி மட்டும் விட்டுராத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆனால் அண்ணன் என்னை வெந்நீர் போட விடவில்லை. பீடியும் சுற்றி, சோறும் பொங்கி, அண்டாவும் தூக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். விடியற்காலம் தோப்புக்குப் போய்ப் பம்புசெட்டுக்கு அடியில் உட்கார்ந்து குளித்துவிட்டு வருவார். வரும்போது இரண்டு கண்ணும் திறந்திருக்கும். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் தெளிவாக நாலு வார்த்தை பேசுவார். வெயில் ஏற ஏறத்தான் திரும்ப இமை இறங்கும். சில நாள் அது கழிந்ததும் தெருவே ஒரு முடிவுக்கு வந்தது: பொண்டாட்டி போனதும் நல்லதம்பி தெளிந்துவிட்டான்.

அந்தப் பேச்சும் சுரண்டைக்குப் போயிற்று. மதினி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். அண்ணன் தெளிந்த சந்தோஷம் பாதி, ஊர் சொன்ன சொல்லின் கோபம் பாதி. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நான் போனதுந்தான் கண்ணு தொறந்துச்சாம்லா? அப்போ என் மூஞ்சிதான் சீக்கா ஒங்களுக்கு?"

அண்ணன் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து மதினி குளிர்ந்துபோய், நேரே அடுப்பைப் பற்றவைத்து அண்டாவை ஏற்றினார். அண்ணன் குளித்து முடித்து மணையில் உட்கார்ந்தபோது வலது இமை விழுந்தது. சோறு போடுவதற்குள் இடது இமையும் விழுந்தது. மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அப்படிச் சத்தமில்லாமல் மதினி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஊரு சொன்னது நெசந்தான் போல குழலு. நான்தான் இவுகளுக்கு ஆகல."

பீடித் தட்டைக் கீழே வைத்தேன்.

"நீங்க இல்ல மதினி. அடுப்புதான்."

"அடுப்பு என்னட்டி பண்ணிச்சு?"

"சாரல்ல நல்லா இருந்தாவ. பம்புசெட்டுத் தண்ணியில நல்லா இருக்காவ. அது மூலிகைத் தண்ணி இல்லையே, தோப்புக் கெணறுதான. சித்திரையில மோசம். தகரத்துக்குள்ள வெயிலடிச்ச அன்னைக்கு மோசம். வெந்நி ஊத்துனாலும் மோசம். தண்ணி எங்க உள்ளதுன்னு இல்ல மதினி. குளுமையா, சூடான்னுதான் இருக்கு."

மதினி என்னையே பார்த்தார். எழுந்தார். மூலையில் இருந்த மண்பானையைத் தூக்கி, மணையில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனின் தலையில் அப்படியே கவிழ்த்தார். சட்டை, வேட்டி, சோறு எல்லாம் நனைந்தது. அண்ணன் பதறி, "என்னளா இது" என்றார். நனைந்த முகத்தில் மதினி ஈரத் துணியை ஒற்றிக்கொண்டே இருந்தார். மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, அண்ணனின் இமைகள் மேலே ஏறின.

"சோத்தையும் சேத்து நனைச்சிட்டியே" என்றார் அண்ணன். ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது.

தென்காசிக்கு அப்போது ஷமீம் பானு என்ற டாக்டர் புதிதாக வந்திருந்தார். சின்ன வயசு. மதுரையில் படித்தவர். மதினி அவரிடம் கண்ணைப் பற்றியும் சொன்னார், போலீஸ்காரரைப் பற்றியும் சொன்னார், தன் அப்பாவின் கோபத்தைப் பற்றியும் சொன்னார். வெளியே காத்திருந்தவர்களும் முழுக் கதையையும் கேட்டிருப்பார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தண்ணீர் விஷயத்தில் மட்டும் நிறுத்தினார்.

"குளிர்ச்சியில சரியாகுதுன்னு யார் கவனிச்சது?"

மதினி என்னை முன்னால் தள்ளினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. காலையில் எப்படி, சாயங்காலம் எப்படி, சாப்பிடும்போது எப்போது தாடை ஓய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அண்ணனை இமைக்காமல் விட்டத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமைகள் சரிந்தன. சர்பத் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் செய்து, ஒரு பையில் போட்டு அண்ணனின் வலது கண் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். எடுத்தபோது வலது கண் திறந்திருந்தது. இடது கண் மூடியே இருந்தது.

"எங்க புரொபசர் ஒரு தடவை சொன்னார், குளிர்ல இந்த நோய் கொஞ்ச நேரம் விலகி நிக்கும்னு. நான் இன்னைக்குத்தான் கண்ணால பாக்கேன்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீங்க குடிக்கிற ஆள் இல்ல அண்ணாச்சி. இதுக்குப் பேர் இருக்கு, மருந்தும் இருக்கு" என்றார்.

மதினி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

ஊசி மருந்தைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்து, வேறொரு நாள் வரச் சொன்னார். அன்று ஊசி போடுவதற்கு முன்னால், அருவியில் பேசுவதுபோலப் பேசிக் காட்டச் சொன்னார். வெயில் நேரம். இரண்டாவது வரியிலேயே அண்ணனின் குரல் மூக்குக்குள் போய்விட்டது. ஊசி போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா காத்திருந்தார். நான் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறியது. ஏறிய பிறகு இறங்கவில்லை.

"இப்பப் பேசுங்க."

அண்ணன் தொண்டையைச் செருமினார். மதினியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இலஞ்சியைச் சேர்ந்த நல்லதம்பி என்பவர் சில மாதங்களாகக் காணாமல் போய்விட்டார். சுரண்டை வடிவம்மாள் அவருக்காக இங்கே காத்திருக்கிறார். நல்லதம்பி எங்கே இருந்தாலும் பயப்படாமல் உடனே வந்து சேரவும்."

பழைய குரல். கட்டடம் முழுக்கக் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து கம்பவுண்டர் ஓடிவந்து, "யாரு டாக்டர், யாரக் காணும்?" என்றார். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்றார்.

வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பேரைச் சொல்லிவிட்டு, என்ன நோய் என்று எங்களுக்கு விளங்கும்படி, அண்ணனின் வேலையை வைத்தே டாக்டரம்மா சொன்னார். மூளை சொல்லுகிற சொல்லை நரம்பு கொண்டுவருகிறது. ஆனால் நரம்பு தசையை நேராகத் தொடுவதில்லை. நடுவில் மயிரிழையைவிடச் சின்ன இடைவெளி உண்டு. நரம்பின் நுனி அதில் ஒரு ரசாயனத்தைத் தூவும். அதை வாங்கிக்கொள்வதற்கென்றே தசையின் மேற்பரப்பில் புரதத்தாலான சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. ரிசப்டர் என்றார். ஏற்பி என்று தமிழில் எழுதுகிறார்கள் என்பதைப் பின்னால் ஒரு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். ரசாயனம் வந்து பட்டதும் வாசல் திறக்கும், தசை வேலை செய்யும். இமையைத் தூக்குவது, மெல்லுவது, விழுங்குவது, பேசுவது, மூச்சை இழுப்பது எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான்.

"உங்க மைக் நல்லாத்தான் இருக்கு, வயரும் நல்லா இருக்கு அண்ணாச்சி. கேக்கிற காதுலதான் பஞ்சு அடைச்சிருக்கு. கிருமியை எதிர்க்கணும்னு ரத்தத்துல இருக்கிற படை, ஆள் தெரியாம உங்க வாசலையே எதிரின்னு நினைச்சு அடைக்குது, உடைக்கவும் செய்யுது. இந்த விஷயம் உலகத்துக்கே தெரிஞ்சு அஞ்சாறு வருஷந்தான் ஆகுது."

"தண்ணி ஊத்துனா எப்படித் தெறக்கு?" என்று மதினி கேட்டார்.

"தூவுன ரசாயனத்தை உடனுக்குடனே துடைச்செடுக்கவும் உடம்புல ஒரு பொருள் இருக்கும்மா. குளிர்ல அதுக்குக் கை மந்தமாயிரும். ரசாயனம் கூடக் கொஞ்ச நேரம் நிக்கும். மிச்சமிருக்கிற வாசலுக்கு அது போதும். மாத்திரையும் அந்த வேலையைத்தான் செய்யும். சூட்டுல நேர்மாறா நடக்கும்."

"அப்போ நான் வெந்நி போட்டு வெந்நி போட்டே..." மதினி தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க வெந்நீர் போடலைன்னா இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. எனக்குப் பாதி வேலையை நீங்கதான் செஞ்சு குடுத்திருக்கீங்க."

எவ்வளவு பெரிய மனசு இருந்தால் அப்படிச் சொல்ல வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் மெதுவாக, "இதயமும் தசைதான டாக்டரம்மா? அதுவும் ஒருநாள் இப்படி ஓஞ்சிருமா?" என்று கேட்டார். இத்தனை நாள் அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இதயத்தின் மேல் இருப்பது வேறு வகை வாசல், இந்தப் படை அதைத் தொடாது, நரம்பு சொல்லாவிட்டாலும் இதயம் தானாகவே துடிக்கும் என்றார் டாக்டரம்மா. ஆனால் மூச்சு இழுக்கும் தசைக்கு வாசல் இதேதான் என்பதால், சளி காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவர வேண்டும், தானாக எந்த மருந்தும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று எச்சரித்தார்.

சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மாத்திரை. அண்ணன் ஒரு தட்டுச் சோற்றை முழுக்க மென்று சாப்பிட்ட அன்று நாங்கள் இருவரும் சாப்பிடாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சுந்தரபாண்டி அண்ணாச்சியிடம் டாக்டரம்மா தானே பேசினார். 1979 சீசன் தொடங்கும் முன்னால் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான் கேக்காமப் போயிட்டேன் தம்பி. மைக்கு ஒனக்குத்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். மாத்திரை போட்டாலும் சாயங்காலம் கொரல் ஓஞ்சிருதுன்னு டாக்டரம்மாவே சொல்லுதாவ. கூட்டம் அம்முறதே சாயங்காலந்தான். அப்பப் பிள்ளைக தொலைஞ்சா நான் என்ன செய்ய?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"நான் பேசுதேன்."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஒனக்கு மைக்கே வேண்டாமே தாயி."

அப்படித்தான் ஆயிற்று. வெயில் சாயும்வரை அண்ணன், அதற்குப் பிறகு மதினி. நடுவில் 1980-இல் மதுரையில் அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பிதான் அந்தப் படைக்குத் தப்பான பாடம் சொல்லிக்கொடுக்கிறது, அதை எடுத்துவிட்டால் நாள்பட நோய் தணியும் என்று அனுப்பினார்கள். ரத்தம் தேவை என்றதும் பிச்சைமணி அண்ணன் அருவியில் எண்ணெய் தேய்க்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க அருவிக்கரை எண்ணெய் வாசனை. ரத்தம் கொடுத்துவிட்டு, "இனி இவரு கொரலும் வழுக்கிட்டுத்தான் வரும்" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். அவர்கள் எல்லோருடைய பேரும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

டாக்டரம்மா சொன்னபடியே வருஷத்துக்கு வருஷம் மாத்திரை குறைந்தது. இப்போது 1989. அண்ணனின் இமை சாயங்காலமும் நிற்கிறது. பஸ் ஒன்றாகவே வருகிறது. சட்டையைப் பிடித்த போலீஸ்காரர் இன்னும் சீசனுக்கு டியூட்டி வருகிறார். தகர அறையைக் கடக்கும்போதெல்லாம், சல்யூட் அடிப்பதற்குப் பதிலாக விரலால் தன் இமையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார். மன்னிப்பு என்று வாயால் அவர் கேட்டதில்லை. அண்ணன் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பதிலுக்குத் தானும் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்.

சோற்றை மென்று விழுங்கும்போது சில நேரம் எனக்கு அந்த வாசல்களின் நினைப்பு வரும். நாம் கேட்காமலே, நாம் பார்க்காமலே, இத்தனை கோடி வாசல்கள் ஒவ்வொரு வாய்க்கும் திறந்து மூடுகின்றன. அண்ணனுக்கு அடைபட்டிராவிட்டால் அவை இருப்பதே எனக்குத் தெரிந்திராது.

அண்ணனுக்கு முழுநாளும் பேச முடிகிறது. ஆனாலும் சாயங்கால மைக்கை மதினியிடமிருந்து வாங்க அவரால் முடியவில்லை. மதினி தரமாட்டேன் என்கிறார். அண்ணனைப் போல அழகாகச் சுற்றி வளைத்துப் பேச மதினிக்கு வராது. போன வாரம் சாரலில் நனைந்துகொண்டு நான் சாப்பாடு கொண்டுபோனபோது, பெஞ்சில் ஒரு பெண் குழந்தை தேம்பிக்கொண்டிருந்தது. அண்ணன் அதன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். மதினி மைக்கைப் பிடித்திருந்தார்.

"ராஜபாளையத்து அண்ணாச்சி, பச்சத் துண்டு கட்டியிருக்கியளாம். ஒங்க மக இங்கன ஒங்களத் தேடிட்டு இருக்கா. தண்ணி நாளைக்கும் விழும். தலையத் தொடச்சிட்டு மொதல்ல பிள்ளைகிட்ட வாங்க."

பச்சைத் துண்டு கட்டிய ஒருவர் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.